தெருமுனைக் கோரிக்கை ஒலிம்பியா போய்ச் சேர: நகர மன்றத்தின் பட்டியலில் இடம்பிடிக்கும் வழி

என் மகள் படிக்கும் பள்ளிக்கு எதிரே நடைபாதை பாதித் தூரத்தோடு நின்றுவிடும். மழைக்காலத்தில், அதாவது வாஷிங்டன் மாநிலத்தில் வருடத்தின் பெரும்பகுதி, பிள்ளைகள் சேற்றில் கால் வைக்காமல் இருக்க சாலையோரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நடப்பார்கள், பக்கத்தில் கார் உரசிக்கொண்டு போகும். நகரத்திடம் கேட்டால் அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை, மாநிலம் கொடுத்தால்தான் உண்டு என்றார்கள். சரி, மாநிலத்திடம் கேளுங்கள் என்று நகர மன்றத்திடமே சொல்லிவிடலாம், சட்டமன்றம் ஜனவரியில்தானே கூடுகிறது என்று நானாகக் கணக்குப் போட்டு, ஜனவரி முதல் வாரக் கூட்டத்தில் போய் நின்றேன். பேசிவிட்டு வெளியே வரும்போது ஓர் அலுவலர் என்னைத் தனியாக அழைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "பட்டியல் நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆகஸ்டில் வாருங்களேன்."

இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பட்டியல் என்று கேட்பீர்கள். இங்கே பெல்வியூ, கர்க்லாண்ட், ரெட்மண்ட், சமாமிஷ் போன்ற நகரங்கள் ஒவ்வொரு வருடமும் மாநிலச் சட்டமன்றத்திடம் என்ன பணம் கேட்பது, எந்தச் சட்டத்தை ஆதரிப்பது, எதை எதிர்ப்பது என்று ஒரு பட்டியல் தயாரித்து, மன்றத்தில் ஒப்புதல் வாங்கி, அதைக் கொடுத்து ஆளை மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவுக்கு அனுப்புகின்றன. அந்தத் தாளில் உங்கள் விஷயம் இருந்தால் நகரத்தின் லாபியிஸ்ட், அதாவது நகரத்துக்காகச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பேசப் பணம் வாங்கும் ஆள், அதற்காகப் பேசுவார். இல்லாவிட்டால் அவர் உங்களைப் பார்த்துப் புன்னகைப்பார், அவ்வளவுதான். நான் சொல்வதெல்லாம் வாஷிங்டன் மாநிலத்துக்கு. கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கம் இருப்பவர்கள் முறையை எடுத்துக்கொள்ளலாம், தேதிகளை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1. காலண்டரைப் பின்னாலிருந்து படியுங்கள்

சட்டமன்றம் ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை கூடும். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள். 2026இல் ஜனவரி 12 அன்று தொடங்கியது 60 நாள் கூட்டத்தொடர். 2027இல் ஜனவரி 11 அன்று தொடங்குவது 105 நாள் தொடர். மாநில பட்ஜெட் ஈராண்டு பட்ஜெட், அதை ஒற்றைப்படை ஆண்டில்தான் முழுசாகப் போடுவார்கள், 60 நாள் தொடரில் நடப்பது பெரும்பாலும் ஒட்டுப்போடும் வேலை. அதனால் பெரிய தொகை கேட்கிற எண்ணம் இருந்தால் 105 நாள் தொடரைக் குறிவையுங்கள்.

இனி பின்னோக்கி வாருங்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே சட்டமன்ற உறுப்பினர்கள் மசோதாக்களை முன்கூட்டித் தாக்கல் செய்யத் தொடங்கிவிடுவார்கள். கவர்னர் தன் பட்ஜெட் முன்மொழிவை டிசம்பர் 20க்குள் வெளியிட வேண்டும். ஆகவே நகரங்கள் தங்கள் பட்டியலை அக்டோபர், நவம்பரில் முடிக்கப் பார்க்கும், அதிகம் போனால் டிசம்பர் முதல் கூட்டம். அதற்கு மன்றம் செப்டம்பர் வாக்கில் ஒரு ஸ்டடி செஷனில், அதாவது வாக்கெடுக்காமல் விவாதிக்க மட்டும் கூடும் கூட்டத்தில், வரைவைப் பார்க்க வேண்டும். அந்த வரைவு மேசைக்கு வர வேண்டுமென்றால் ஒவ்வொரு துறையும் தன் கோரிக்கைகளை ஜூலை, ஆகஸ்டில் கொடுத்திருக்க வேண்டும். நீங்கள் நுழைய வேண்டிய கதவு அந்த ஆகஸ்ட்தான். ஊரே விடுமுறையில் இருக்கும், நம் ஆட்கள் பாதிப்பேர் சென்னையில் இருப்பார்கள், அந்த நேரம்தான் இந்த வேலை நடக்கிறது.

இன்னொன்று. நகர மன்றத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டு நவம்பரில், சட்டமன்றத் தேர்தல் இரட்டைப்படை ஆண்டு நவம்பரில். வருடா வருடம் பட்டியல் முடிகிற அதே நேரத்தில் ஏதோ ஒரு தேர்தலும் முடிகிறது. உங்களுக்காகப் பேசிய கவுன்சிலர் ஜனவரியில் அந்த நாற்காலியில் இல்லாமலே போகலாம். ஒருவரை மட்டும் நம்பாதீர்கள்.

2. போன வருடத்துத் தாள்களைத் தோண்டி எடுங்கள்

மூன்று காகிதங்கள் வேண்டும்: போன வருடம் மன்றம் ஏற்ற பட்டியல், அதோடு மன்றத்துக்கு அலுவலர் எழுதிய குறிப்பு, அப்புறம் தொடர் முடிந்தபின் லாபியிஸ்ட் வசந்தத்தில் கொடுக்கும் அறிக்கை. எல்லாம் நகரத்தின் இணையதளத்தில் கூட்ட ஆவணங்களுக்கு அடியில் புதைந்து கிடக்கும். கிடைக்காவிட்டால் பொது ஆவணச் சட்டத்தின்படி கேளுங்கள். கோரிக்கை போய்ச் சேர்ந்த ஐந்து வேலை நாட்களுக்குள் நகரம் ஏதாவது ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் "இத்தனை நாள் ஆகும்" என்று மட்டும்கூட இருக்கலாம், அதனால் ஐந்தாம் நாள் ஆவணம் கையில் இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நேரில் போய்ப் பார்க்கக் காசில்லை. பிரதி எடுத்தால் சட்டம் சொல்லும் வழக்கமான கட்டணம் பக்கத்துக்கு 15 சென்ட்.

பட்டியலைப் படிக்கும்போது அது எத்தனை அடுக்காக இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேலே நாலைந்து முதன்மைக் கோரிக்கைகள், கீழே நீளமாக ஆதரவு விஷயங்கள். இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மேலே இருந்தால் லாபியிஸ்ட் அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பேசுவார், கவுன்சிலரே நேரில் போய்ச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்வார். கீழே இருந்தால், யாராவது மசோதா கொண்டுவந்தால் நகரத்தின் பெயரை "ஆதரவு" என்று பதிந்துவிட்டு வருவார்கள். இரண்டாம் வருடம் என் நடைபாதை கீழ்ப் பட்டியலில் ஏறியபோது வீட்டில் பாயசம் வைத்தோம். ஏப்ரலில்தான் புரிந்தது அந்தப் பாயசம் கொஞ்சம் அவசரம் என்று.

மேல் அடுக்கில் இருப்பவற்றையும் கவனியுங்கள். சொத்துவரி வருமானத்தை வருடத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது என்ற வரம்பைத் தளர்த்தச் சொல்வது, காவல்துறைக்குப் பணம், குடியிருப்புச் சட்டங்களில் நகரத்துக்கு அதிகாரம் என்று பல நகரங்களின் பட்டியலில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். வாஷிங்டன் நகரங்களின் சங்கம் மாநிலத்தின் 281 நகரங்களுக்கும் சேர்த்துத் தனியாக ஒரு பட்டியல் போடுகிறது, நகரங்கள் அதைப் பார்த்தும் எழுதுகின்றன. உங்கள் விஷயத்தை இதில் ஏதாவது ஒரு தலைப்புக்குக் கீழே பொருத்த முடிந்தால் அலுவலருக்கு வேலை சுலபம். நான் "பிள்ளைகள் நனைகிறார்கள்" என்று எழுதியிருந்தேன். நகரத்தின் தாளில் அதே விஷயத்துக்குப் "பள்ளிக்குப் பாதுகாப்பான வழி" என்று பெயர். இரண்டாம் முறை அவர்களுடைய சொல்லையே போட்டேன்.

3. சாலை யாருடையது, பணம் எந்தப் பையிலிருந்து

நான் மண்டையை உடைத்துக்கொண்ட இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், நீங்கள் கேட்பது பணமா, சட்டமா? பணம் என்றால் அந்த இடம் நகரத்துடையதா, கவுண்டியுடையதா (நம் ஊர் மாவட்டம் மாதிரி), மாநிலச் சாலையா என்று பாருங்கள். ஊருக்கு நடுவே ஓடும் பெரிய சாலை எஸ்.ஆர் 202 மாதிரி மாநிலச் சாலையாக இருக்கலாம், அப்போது மாநிலப் போக்குவரத்துத் துறையும் உள்ளே வரும்.

அடுத்து, மாநிலத்துக்கு மூன்று பட்ஜெட் உண்டு: நடப்புச் செலவுகளுக்கு ஒன்று, கட்டுமானத்துக்கு ஒன்று, போக்குவரத்துக்கு ஒன்று. பூங்கா, சமூகக் கூடம் போன்றவை கட்டுமான பட்ஜெட். சாலை, நடைபாதை பெரும்பாலும் போக்குவரத்து பட்ஜெட். அவற்றைப் பார்க்கும் சட்டமன்றக் குழுக்கள் வேறு, தலைவர்கள் வேறு, விண்ணப்பப் படிவங்களும் வேறு. நான் கட்டுமான பட்ஜெட்டுக்கான படிவத்தை இரண்டு வார இறுதிகள் உட்கார்ந்து நிரப்பினேன். அதைப் பார்த்த ஒரு சட்டமன்ற உதவியாளர், "அருமையாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இது நடைபாதை" என்றார்.

மூன்றாவதுதான் பெரிய பொறி. ஒவ்வொரு நகரமும் ஆறு ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் ஒன்றை வருடந்தோறும் ஜூலை 1க்கு முன் ஏற்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதற்கு முன்னால் பொது விசாரணையும், அதாவது மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டமும், நடக்கும், பெரும்பாலும் மே, ஜூனில். உங்கள் நடைபாதை அந்தத் திட்டத்தில் இல்லையென்றால், "எங்கள் திட்டத்திலேயே இல்லாததற்கு மாநிலத்திடம் எப்படிக் கையேந்துவது" என்று அலுவலர் கேட்பார், அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே ஆகஸ்டில் வாருங்கள் என்று அந்த அலுவலர் சொன்னதும் முழு உண்மை இல்லை. திட்டத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குத்தான் ஆகஸ்ட். இல்லாதவர்களுக்கு மே.

நீங்கள் கேட்பது சட்ட மாற்றம் என்றால் இந்தத் தலைவலி கிடையாது. அதற்குப் பதிலாக வேறு நகரம் ஏதாவது இதையே கேட்கிறதா என்று தேடுங்கள். ஒரே நகரம் தனியாகக் கேட்கும் சட்டம் ஒலிம்பியாவில் நகர்வது கஷ்டம்.

4. பேனா யார் கையில் என்று கண்டுபிடியுங்கள்

கவுன்சிலர்கள் ஒப்புதல் கொடுப்பவர்கள். எழுதுவது பெரும்பாலும் நகர மேலாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு ஆள், வெளி அரசுத் தொடர்புகளைக் கவனிப்பவர். ரெட்மண்ட் மாதிரி மேயரே நிர்வாகத்தை நடத்தும் ஊரில் அவர் மேயர் அலுவலகத்தில் இருப்பார். கூட்டக் குறிப்பின் முதல் பக்கத்தில் தொடர்புக்கு என்று ஒரு பெயர் இருக்கும், அதுதான் நீங்கள் தேடும் ஆள். அவருக்கு அடுத்தபடி, ஒப்பந்த லாபியிஸ்ட். அவர் யார், நகரம் மாதம் எவ்வளவு கொடுக்கிறது என்பதெல்லாம் லாபி, தேர்தல் பணக் கணக்குகளை வெளியிடும் மாநில அமைப்பான பப்ளிக் டிஸ்க்ளோஷர் கமிஷன் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பணம் வாங்கிப் பேசும் லாபியிஸ்டுகள் மாதா மாதம் கணக்குக் கொடுக்க வேண்டும். நகரத்தின் சொந்த அலுவலர்களே லாபி செய்தால் எல்-5 என்ற படிவத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு சாயங்காலம் அதில் உட்கார்ந்து பாருங்கள், சீரியல் பார்ப்பதைவிடச் சுவாரசியம்.

இந்த அலுவலருக்கு இரண்டு பத்தியில் மின்னஞ்சல் போட்டு இருபது நிமிடம் கேளுங்கள். ஜூனில் கேட்டால் கிடைக்கும், நவம்பரில் கிடைக்காது.

5. ஒரே ஒரு பக்கம்

முதல் வருடம் நான் ஒன்பது பக்கம் கொண்டுபோனேன், புகைப்படங்களோடு. மன்றத்துக்கு வெளியே நடைக்கூடத்தில் நகரத்தின் லாபியிஸ்டைப் பிடித்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. நின்றபடியே நாலு கேள்வி கேட்டார். மொத்தம் எவ்வளவு? வடிவமைப்பு எந்த நிலையில்? நகரம் தன் பங்காக எவ்வளவு போடுகிறது? வேறு மானியம் கேட்டாயிற்றா? எனக்கு ஒன்றுக்குக்கூடப் பதில் தெரியவில்லை. ஒன்பது பக்கத்திலும் அதற்கான பதில் கிடையாது. காப்பி ஆறிப்போன கோப்பையோடு அங்கேயே நின்றது நினைவிருக்கிறது.

ஒரு பக்கத்தில் இருக்க வேண்டியது அந்த நாலு பதில்களும்தான். கூடவே எந்த இடம் என்று ஒரு சின்ன வரைபடம், ஆறு ஆண்டுத் திட்டத்தில் அதன் எண், எந்தச் சட்டமன்றத் தொகுதி என்ற விவரம். தொகை மதிப்பீட்டை நீங்களாகக் கூகிளில் தேடிப் போடாதீர்கள், பொதுப்பணித் துறையின் எண்ணை வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் அவர்களே உங்கள் தாளை மறுத்துப் பேசும் நிலைமை வரும். முழுப் பணமும் கேட்பதைவிட வடிவமைப்புக்கு மட்டும் கேட்பது சில சமயம் புத்திசாலித்தனம், நாங்கள் கடைசியில் அதைத்தான் செய்தோம்.

ஓர் எச்சரிக்கை: நகரத்துக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல், தாள் எல்லாம் பொது ஆவணம். நாளைக்கு யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, உங்கள் விசா நிலவரம் எதையும் அதில் எழுதாதீர்கள்.

6. கவுன்சிலர்களிடம் பேசும்போது

தனித்தனியாகப் பேசுங்கள், தாராளமாகப் பேசலாம். ஆனால் ஏழு பேர் மன்றத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு விஷயத்தை மின்னஞ்சலில் விவாதித்தாலே அது கூட்டம் என்று ஆகிவிடலாம், திறந்த கூட்டச் சட்டம் அப்படி. அதனால்தான் எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பிய மடலுக்கு "நன்றி, பார்க்கிறோம்" என்று ஒற்றை வரி வருகிறது. மனம் நோக வேண்டாம். இதைவிட முக்கியம், ஒருவரிடம் பேசிவிட்டு அடுத்தவரிடம் போய் "அவர் சரி என்றுவிட்டார், நீங்களும் சரி என்றால் நாலு ஆகிவிடும்" என்று தூது போகாதீர்கள். நம் ஊர் வழக்கத்தில் அது சாமர்த்தியம், இங்கே அது அந்தக் கவுன்சிலர்களையே சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

விசாவில் இருப்பவர்களும் பேசலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள். பேசலாம், எழுதலாம், கூட்டத்துக்குப் போகலாம். குடியுரிமை யாரும் கேட்பதில்லை. ஆனால் தேர்தல் நன்கொடை வேறு கதை: எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் நகரத் தேர்தலுக்குக்கூட ஒரு டாலரும் கொடுக்கக் கூடாது, கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். வீட்டுக்குக் கவுன்சிலர் வந்தார், ஆர்வத்தில் மொய் மாதிரி எழுதிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

7. மூன்று நிமிடம்

முடிவு எடுக்கும் வழக்கமான கூட்டம் எதுவானாலும் அதிலோ அதற்கு முன்போ பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 2022இலிருந்து மாநிலச் சட்டமே சொல்கிறது. எழுத்து மூலம் மட்டும் என்று நகரம் வைத்தாலும் அது செல்லும், முன்கூட்டிப் பாருங்கள். வாயால் பேச விட்டால் பெரும்பாலும் மூன்று நிமிடம், கடிகாரம் சிவப்பானதும் நிறுத்திவிட வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முதல் நிமிடத்தை அறிமுகத்துக்கே செலவழிக்கிறார்கள். முதல் வாக்கியத்திலேயே "பட்டியலில் இந்த வரியைச் சேருங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.

எந்தக் கூட்டத்தில் பேசுவது என்பது அதைவிட முக்கியம். வரைவு முதலில் வரும் ஸ்டடி செஷனுக்கு முந்தைய வழக்கமான கூட்டத்தில் பேசுங்கள். கடைசி ஒப்புதல் சில ஊர்களில் கன்சென்ட் கேலண்டரில் வரும், அதாவது பத்துப் பதினைந்து விஷயங்களை ஒரே கையசைப்பில், விவாதமே இல்லாமல் முடித்துவிடுவார்கள். அந்த ராத்திரி போய்ப் பேசினால் எல்லோரும் அன்பாகக் கேட்டுக்கொள்வார்கள், ஒரு எழுத்தும் மாறாது.

8. பட்டியலில் ஏறியபின்

உங்கள் தொகுதிக்கு ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள், மொத்தம் மூன்று பேர். மாநிலத்தில் 49 தொகுதிகள். பெல்வியூ போன்ற ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் விழும், ஆகவே நகரத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் இடத்தின் முகவரியைச் சட்டமன்றத் தளத்தில் போட்டுப் பாருங்கள். மூவரையும் நவம்பர், டிசம்பரில் ஊரிலேயே பிடிப்பது எளிது. ஜனவரிக்குப் பிறகு ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

உங்கள் விஷயத்தைச் சட்டமன்றக் குழு கேட்கும் விசாரணைக்கு ஒலிம்பியா போக வேண்டிய அவசியம் இல்லை, வீட்டிலிருந்தே காணொளியில் சாட்சி சொல்லலாம். விசாரணை தொடங்க ஒரு மணி நேரம் முன்பு வரை பதிந்துகொள்ளலாம், பேசாமல் ஆதரவு என்று மட்டும் பதியவும் அதே கெடுதான். எழுத்துச் சாட்சிக்கு விசாரணை தொடங்கியதிலிருந்து 24 மணி நேரம் அவகாசம். ஆனால் விசாரணைத் தேதி சில நாள் முன்னால்தான் தெரியும், திடீரென்று மாறவும் செய்யும், ஆகவே சாட்சியத்தை டிசம்பரிலேயே எழுதி வையுங்கள்.

பணம் தராமல், சம்பளம் வாங்காமல் சொந்த விஷயத்துக்காகப் பேசும் பொதுமக்கள் லாபியிஸ்டாகப் பதிவு செய்யத் தேவையில்லை. உறுப்பினருக்கு என்று எதுவும் செலவு செய்யாதவரைதான் அது, ஆகவே முறுக்கு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

9. செலவும் காத்திருப்பும்

எனக்குக் காசாக ஆனது மிகக் குறைவு: பிரதிகள், அச்சு, ஒருமுறை ஒலிம்பியா போய்வந்த பெட்ரோல், கேபிடல் என்ற சட்டமன்ற வளாகத்தில் பார்க்கிங். பெல்வியூவிலிருந்து அறுபது மைல் சொச்சம், டக்கோமாவைத் தாண்டும்வரை நெரிசல், ஆகவே ஒரு நாள் லீவு போய்விடும். உண்மையான செலவு சாயங்காலங்கள்தான். ஒரு வருடத்தில் பதினொரு கூட்டங்களுக்குப் போனேன், அதில் எட்டில் என் விஷயம் வரவே இல்லை.

தொடர் முடிந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தொடரின் கடைசி நாட்களில் நிறைவேறிய பட்ஜெட்டில் கையெழுத்துப் போட கவர்னருக்கு ஞாயிறு நீங்கலாக 20 நாள் உண்டு, தனித்தனி ஒதுக்கீடுகளை வெட்டும் அதிகாரமும் உண்டு. தப்பிப் பிழைத்தால் ஒற்றைப்படை ஆண்டில் ஜூலை 1 அன்று புதிய ஈராண்டு தொடங்கும். அப்போதும் பணம் மூட்டையாக வந்து இறங்காது. பல ஒதுக்கீடுகளில் நகரம் முதலில் செலவழித்து, பில் காட்டித் திரும்ப வாங்க வேண்டும், அதற்கு முன் ஒப்பந்தம் போட வேண்டும். எங்கள் கோரிக்கை மேல் அடுக்குக்கு ஏறியது மூன்றாம் வருடம். இப்போது பள்ளிக்கு எதிரே சர்வே குச்சிகள் நட்டிருக்கிறார்கள், ஆரஞ்சு நாடா கட்டி. என் மகள் அடுத்த செப்டம்பரில் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறாள், அது வேறு சாலை. அந்தச் சாலை ஆறு ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறதா என்று நேற்றுதான் பார்த்தேன். இல்லை. மே மாதம் விசாரணை.